நெற்றிக்கு எந்த ஊசி

மனித குலத்தின் மாபெரும் எதிரி காலம். அந்த எதிரியோடு பதினெட்டு ஆண்டுகள் நேருக்கு நேர் நின்று போரிட்டவன் நான். போர்க்களம், ஒரு வணிக வளாகத்தின் இரண்டாம் மாடியில், செருப்புக்கடைக்குப் பக்கத்தில். அந்தத் தோல் மருத்துவமனையில் நாங்கள் நான்கு டாக்டர்கள். நான் மூன்றாம் அறை.

இன்ஸ்பெக்டர் ஐயா, நடந்ததை என் கைப்பட எழுதித் தரச் சொன்னீர்கள். மறைக்க எனக்கு ஒன்றும் இல்லை.

அந்த அம்மா முப்பது வருடம் தொலைக்காட்சியில் செய்தி வாசித்தவர். ஊரே அறிந்த முகம். முதல் நாள் புருவங்களுக்கு நடுவே இருந்த இரண்டு கோடுகளைத் தொட்டுக் காட்டினார். "உலகத்துல எவன் செத்தாலும் என் நெத்திதான் சுருங்கியிருக்கு, டாக்டர் தம்பி. எதைப் போட்டா போகும்?"

விளக்கினேன். முகத்தைச் சுளிக்கும்போது மட்டும் விழும் கோடென்றால் தசையைத் தளர்த்தும் ஊசி. நாலு மாதம் தாங்கும். சும்மா இருக்கும்போதும் கிடக்கும் பள்ளமென்றால் அதை நிரப்பும் ஊசி. ஒரு வருடம்கூட இருக்கும். அவருக்கு முதலாவதே போதும். இரண்டாவதைப் புருவ நடுவில் போட்டால் ரத்தக்குழாயில் ஏறிக் கண்ணையே கெடுக்கலாம். பரீட்சையில் இந்தக் கேள்விக்கு முழு மதிப்பெண் வாங்கியவன் நான்.

தோலை மரத்துப்போகச் செய்யும் களிம்பைத் தடவினால் அரை மணி நேரம் காத்திருக்க வேண்டும். மற்ற டாக்டர்கள் வெளியே போய்விடுவார்கள். நான் உட்கார்ந்திருப்பேன். முழங்கால் வலி, மேல்வீட்டுக்காரரின் இருமல், நேரலையில் தும்மிய கதை என்று அவர் பேசிக்கொண்டே இருப்பார். என் பங்குக்கு நான் 'ம்' போடுவேன். என் வீட்டில் எனக்கு 'ம்' போடவும் ஆள் இல்லை.

ஆகவே மருந்தில் உப்புநீரைக் கொஞ்சம் கூடுதலாகக் கலந்தேன். நாலு மாதம் தாங்க வேண்டியது ஆறு வாரத்தில் தீர்ந்தது. இதை மோசடி என்பது மிகை. அவருக்கும் வெளியே வர ஒரு சாக்கு வேண்டுமல்லவா.

இரண்டு வருடம் நன்றாகத்தான் போயிற்று. போன மாதம் வந்தவர், "வெள்ளிக்கிழமை பிளைட்டு. மகளோடயே போயிடறேன், இனிமே வரமாட்டேன். நல்லா தாங்குற மாதிரி ஒண்ணு போட்டு விடுங்க" என்றார்.

"போயே ஆகணுமா?"

"பின்னே? கவலைப்படாதீங்க, வேற கிழவி எவளாவது மாட்டுவா."

நிரப்பும் ஊசியை எடுத்தேன். நன்றாகத் தாங்குவது அதுதானே. கொஞ்சம் ஆழமாகவே இறக்கினேன். முகம் வீங்கும், பயணத்தைத் தள்ளிப்போடச் சொல்லலாம், வாரம் ஒருமுறை வரச் சொல்லலாம். என் திட்டம் அவ்வளவுதான்.

"தம்பி, லைட்டை அணைச்சிட்டீங்களா? இடது பக்கம் மட்டும் இருட்டா இருக்கு" என்றார்.

அணைக்கவில்லை. நிரப்பியதைக் கரைக்கும் மருந்து எட்டடி தூரத்தில் அலமாரியில் இருந்தது. போய் எடுக்கப் பதினைந்து நிமிடம் ஆயிற்று. அவர் என் கையைப் பிடித்துக்கொண்டிருந்தார். உதறுவது நாகரிகமாகப் படவில்லை.

டாக்டர் பெயர் எழுதியிருந்த அவருடைய சிகிச்சை அட்டையைக் கிழித்துப் போட்டதும் நான்தான். அதனால்தான், மகள் புகார் கொடுத்ததும், எங்கள் நால்வரையும் வரிசையில் நிறுத்தி, ஊசி போட்டது யார் என்று அந்த அம்மாவையே அடையாளம் காட்டச் சொன்னீர்கள். வரிசை சின்னதாக இருந்ததால் ஏசி பழுதுபார்க்க வந்தவரையும் சேர்த்துக்கொண்டீர்கள். இரண்டு வருடப் பழக்கம். என்னைக் கண்டதும் அவர் முகம் மாறும் என்று காத்திருந்தேன். மிச்சமிருந்த கண்ணால் ஒவ்வொருவராகப் பார்த்து வந்தார். என் முறை வந்தபோது லேசாகச் சிரித்தும் வைத்தேன்.

அவர் ஏசிக்காரரைக் காட்டினார்.

வேலையில் நான் முகக்கவசத்தைக் கழற்றியதே இல்லை. கையைத் தூக்கி "நான்தான்" என்றேன். இரண்டு தடவை சொல்ல வேண்டியிருந்தது.