எலுமிச்சை மரத்தை வெட்டப் போகிறவர்

கந்தர்வக்கோட்டையில் ஆள் நிறையும்வரை பஸ் கிளம்பாது. எனக்கு முன் சீட்டில் இருவர் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு எங்க எலுமிச்ச மரத்த வெட்டப் போறேன்" என்றார் குடுமிக்காரர்.

"காய்க்குற மரத்தையா?" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

"எந் தங்கச்சி புருசன் ஓட்டக் காரு ஒண்ண வாங்கி, மூணு வருசமா தானே பிரிச்சு மாட்டி, இப்ப பறக்குறாரு. ஊரே வாயப் பொளக்குது. நான் இங்க பஸ்ஸுல கெடக்கேன்."

"ஒங்கள ஏத்த மாட்டாரா?"

"கூப்புடுறாரு. நாந்தான் ஏறல. அதுல பிரேக்கு பாதி, வேண்டுதல் பாதி."

"சரி, மரம் என்ன பண்ணுச்சு?"

"காரை எடுக்குறப்பல்லாம் சக்கரத்துக்கு அடியில நாலு பழம் வச்சு நசுக்குறாரு. கண்ணு படக் கூடாதாம். அம்புட்டும் எங்க மரத்துப் பழம். தங்கச்சி வந்து பறிச்சுட்டுப் போறா."

வெளியே ஹாரன் அடித்தது. "மச்சான், புதுக்கோட்டைக்குத்தானே? வாங்க!" என்று ஒரு குரல் கேட்டது. குடுமிக்காரர் அசையவில்லை. கார் சீறிக்கொண்டு போனதும், புழுதி அடங்கும்வரை எட்டி எட்டிப் பார்த்தார்.

பக்கத்தில் இருந்தவர் மெல்லச் சொன்னார்: "மரத்த வெட்டிட்டா, பழம் இல்லாம அவரு காருக்குக் கண்ணு பட்டுருமேங்க."

"அதுக்குத்தானய்யா வெட்டுறேன்."