கேரட்டைக் கழுவக் கூடாது

கேரட்டுக்கு ருசி வருவது உறைபனி விழுந்த பிறகுதான். இது பலருக்குத் தெரியாது. குளிர் தொடங்கியதுமே பயந்துபோய் எல்லாவற்றையும் பிடுங்கி உள்ளே கொண்டுபோய்விடுவார்கள். நான் பாத்தி மேல் முழங்கால் உயரத்துக்கு வைக்கோலைப் பரப்பிவிட்டுச் சும்மா இருந்துவிடுவேன். வைக்கோலுக்குக் கீழே மண் உறையாது. நாலைந்து பனி விழட்டும், அப்புறம் தோண்டிக் கடித்துப் பாருங்கள். உங்கள் மேசை மேல் அந்தத் தொட்டிச் செடி வாடிக் கிடப்பதைப் பார்த்தால் உங்களுக்கு இதிலெல்லாம் ஈடுபாடு இல்லை என்று தெரிகிறது. பரவாயில்லை, எழுதிக்கொள்ளுங்கள்.

முப்பத்தோரு வருடம் லிஃப்ட் பழுதுபார்த்தவன் நான். இரண்டு மாடிகளுக்கு நடுவில் மாட்டிக்கொண்டவர்களிடம், கதவுக்கு வெளியே நின்று, “பயப்படாதீங்க, இதோ வந்துட்டேன்” என்று சொல்வதும் அந்த வேலையில் சேர்த்தி. சொல்லிவிட்டு நம் வேலையை வரிசைப்படி முடிக்க வேண்டும். உள்ளே கத்துகிறார்களே என்று பதறினால் காரியம் கெட்டுவிடும். ஓய்வு பெற்ற பிறகும் அந்தப் பழக்கம் என்னை விடவில்லை.

மச்சானைப் பற்றித்தானே கேட்கிறீர்கள், வருகிறேன். என் மனைவியின் அண்ணன் அவர். பேருந்தில் கண்டக்டராக இருந்தவர். அவருடைய மனைவி போய்ச் சேர்ந்து, பிள்ளை குட்டியும் இல்லாததால், இரண்டு வருடத்துக்கு முன்னால் ஒரே ஒரு பெட்டியோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். “பத்து நாள்தான் மாப்ளே, அடுத்த ஸ்டாப்பிங்ல இறங்கிடுவேன்” என்றார். இறங்கவில்லை.

வாய் ஓயாத மனிதர். சமையலறையில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொண்டு, சில்லறை இல்லாமல் ஏறியவர்கள், தூங்கி ஊர் தாண்டிப் போனவர்கள், கோழியோடு ஏறி அதற்கும் டிக்கெட் கேட்டவர்கள் என்று அளந்துகொண்டே இருப்பார். என் மனைவி வெங்காயம் நறுக்குவதை நிறுத்திவிட்டு, கத்தியைக் கீழே வைத்துவிட்டுச் சிரிப்பாள். அதிகம் சிரித்தால் அவளுக்கு விக்கல் வரும் என்பதே எனக்கு அப்போதுதான் தெரிந்தது. எங்களுக்குக் கல்யாணமாகி முப்பத்தாறு வருடம். ஒரு நாள் நானும் லிஃப்டில் மாட்டிய ஒரு பல் டாக்டரின் கதையைச் சொன்னேன். “பாவம்” என்றாள். இதைப் பொறாமை என்று எழுதிவிடாதீர்கள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்பது நல்ல விஷயம்தானே.

எனக்கும் அவருக்கும் தகராறு என்றால் அது தோட்டத்தில்தான். கேரட் பருத்திருக்கிறதா என்று பிடுங்கிப் பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் திரும்பவும் அதே குழியில் செருகிவிடுவார். அது அப்படியே அழுகிப்போகும். கேட்டால், “சீட்டு இருக்கான்னு பாத்தேன் மாப்ளே, இல்லன்னதும் இறங்கிட்டேன்” என்பார். வீட்டுக்குள்ளிருந்து அவள் சிரிப்பாள்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டேன். கழுவுவதைத்தான் பொறுக்க முடியவில்லை. தோண்டி எடுத்த கேரட்டின் இலையைத் திருகி எறிந்துவிட்டு, ஒட்டிய மண்ணைக் கையால் மட்டும் தட்டிவிட்டு, பெட்டியில் காய்ந்த மணலுக்கு நடுவே ஒன்றோடொன்று இடிக்காமல் அடுக்க வேண்டும். குளிர்காலம் முழுக்க அப்படியே இருக்கும். தண்ணீர் பட்டால் போச்சு. நூறு தடவை சொல்லியிருப்பேன். “சேத்தோட கொண்டாந்தா தங்கச்சி எப்படிச் சமைப்பா” என்று வாளியைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவார்.

அன்றைக்குக் காலை ஒன்பது மணி இருக்கும். கடைசிப் பாத்தி. அன்று இரவு முதல் கடுங்குளிர் என்று வானொலியில் சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிருக்கு வைக்கோலுக்குக் கீழேயும் மண் கல்லாகிவிடும். வைக்கோலை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டுத் தோண்டிக்கொண்டிருந்தேன். மச்சான் இரண்டு வாளித் தண்ணீரோடு வந்தார். பாதையில் ஓரிடம் கண்ணாடி மாதிரி உறைந்திருந்தது. அது முந்தின நாள் அவரே கேரட் கழுவிக் கொட்டிய தண்ணீர்தான். நான் எதுவும் செய்யவில்லை. வழுக்கி, நான் தோண்டி முடித்திருந்த பாத்திக்குள் மல்லாக்க விழுந்தார். இரண்டு வாளியும் அவர் மேலேயே கவிழ்ந்தன. ஒரு கால் மடங்கக் கூடாத பக்கம் மடங்கியிருந்தது.

“கடைசி ஸ்டாப்பிங் வந்துடுச்சு போல மாப்ளே” என்று சிரிக்கப் பார்த்தார். பிறகு வலி தெரிந்திருக்க வேண்டும், சிரிப்பு நின்றுவிட்டது. “எழுந்திரிக்க முடியல. யாரையாவது கூப்பிடுங்க.”

கைபேசி என் சட்டைப் பையில்தான் இருந்தது. அதை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் இன்னும் இரண்டு வரிசை பாக்கி இருந்தது.

“பயப்படாதீங்க மச்சான், இதோ வந்துட்டேன்” என்றேன்.

நல்ல கேரட் அந்த வருடம். ஒவ்வொன்றும் ஒரு சாண் நீளம். அரை வரிசை முடிவதற்குள் அவருக்குப் பல் அடித்துக்கொள்ளத் தொடங்கியது. “விளையாடாதீங்க மாப்ளே, உடம்பெல்லாம் நனைஞ்சு கெடக்கேன்” என்றார். அவர் வாயிலிருந்து விளையாட்டாக இல்லாமல் ஒரு வார்த்தை வருவதை அன்றுதான் கேட்டேன். எனக்கு மனசுக்குள் இதமாக இருந்தது. இல்லை என்று சொன்னால் பொய்.

பிறகு, அவர் குரல் வெறும் முனகலாக இறங்கியதும், அவர் மேல் வைக்கோலைப் போட்டேன். குளிர் அண்டாமல் இருக்கட்டும் என்று போட்டதாக முதல் நாள் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். ஈரத் துணியைக் கழற்றாமல் மேலே எதைப் போட்டும் புண்ணியமில்லை என்று மருத்துவர் சொல்கிறார் என்றீர்கள். அது எனக்கும் தெரியும். முகத்தை எதற்காக மூடினீர்கள் என்றும் கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. பின்கதவு திறக்கும் சத்தம் கேட்டது. அதனால் மூடினேன்.

அவள் கையில் ஒரு கோப்பை டீயோடு வந்தாள்.

“அண்ணன் எங்கேங்க?”

“கடைக்குப் போயிருக்கார். மணல் மூட்டை ஒண்ணு வேணும்னேன்.”

“இந்தக் குளிர்லயா? குல்லாயாவது போட்டுட்டுப் போனாரா?”

“போட்டிருந்தார்.”

அது உண்மை, குல்லாய் போட்டுத்தான் இருந்தார். அவள் வைக்கோலின் ஓரத்தில், அவருடைய தோளுக்கு ஓர் அடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வைக்கோல் லேசாக அசைந்தது. ஏதோ ஒரு சத்தமும் வந்தது, நான் இருமினேன்.

“எலி பூந்திருக்கு போல, பாத்துக்குங்க” என்றாள். பிறகு தெருப்பக்கம் ஒரு முறை எட்டிப் பார்த்துவிட்டு, கோப்பையை என்னிடம் நீட்டினாள். “அண்ணனுக்குப் போட்டது. ஆறிடும், நீங்களே குடிச்சிடுங்க.”

சர்க்கரை இரண்டு கரண்டி. நான் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. ஆனாலும் முழுவதையும் குடித்தேன்.

அதன் பிறகு சொல்ல அதிகமில்லை. இரண்டு வரிசையையும் முடித்தேன். இலைகளைத் திருகினேன், மூன்று பெட்டியிலும் மணல் பரப்பி அடுக்கினேன், மூடி போட்டுக் கொட்டகையில் வைத்தேன். பன்னிரண்டரை மணிக்கு வைக்கோலை விலக்கினேன். குல்லாய் காது வரை இறங்கியிருந்தது. கண் திறந்திருந்தது. கூப்பிட்டுப் பார்த்தேன், பதில் வரவில்லை. பிறகுதான் கைபேசியை எடுத்தேன். கடையிலிருந்து வந்த கையோடு வழுக்கி விழுந்துவிட்டார் என்று அவளிடம் சொன்னேன், உங்களிடமும் அதையே சொன்னேன். மூன்று மணி நேரமாவது கிடந்திருப்பார் என்று மருத்துவர் கண்டுபிடித்துவிட்டார். அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்திருக்கிறார், எனக்கு அவர் மேல் வருத்தமில்லை.

அவள் இப்போது எங்கள் மகள் வீட்டில் இருக்கிறாள் என்று கேள்விப்பட்டேன். சரியாகச் சாப்பிடுவதில்லையாம். கொஞ்ச நாள் போனால் தேறிவிடுவாள்.

கொன்றேன் என்றே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். சுற்றி வளைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆனால் ஒன்றை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள். டீயைக் கொடுத்துவிட்டு அவள் திரும்பி நடந்தபோது, நான் தோண்டாமல் அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன். கதவுக்குப் போவதற்கு இருபது அடி இருக்கும். அதற்குள் ஒரு தடவை திரும்பி, ‘உங்களுக்குக் குளிரலையா’ என்று என்னைக் கேட்டிருந்தால், அந்த நிமிடமே வைக்கோலை விலக்கியிருப்பேன். அவருக்கு அப்போது உயிர் இருந்தது. அவள் கேட்கவில்லை, கதவைச் சாத்திக்கொண்டு போய்விட்டாள். இதை அவளுக்குப் படித்துக் காட்டும்போது இந்த இடத்தை மட்டும் விட்டுவிடாதீர்கள். அவளுடைய அண்ணனைக் காப்பாற்ற அவளுக்கு ஒரு வார்த்தைதான் செலவாகியிருக்கும் என்பது அவளுக்கும் தெரிய வேண்டும் இல்லையா.