ஏழரைக்கு மேல டீ கிடையாது

கரண்டு மீட்டரு மாடிப்படிக்கு அடியில இருக்கு தம்பி, தல இடிக்கும், குனிஞ்சு போங்க. டீ கொஞ்சம் லேட்டாகும், பரவால்லையா? சட்டியிலதான் தண்ணி வெச்சிருக்கேன். கெட்டில் இப்ப இந்த வீட்ல இல்ல.

சேச்சே, பில்லுல ஒண்ணும் தகராறு இல்ல. ராத்திரி ரேட்டு எப்ப ஆரம்பிக்குது, எப்ப முடியுது, அத மட்டும் பாத்துச் சொல்லுங்க. எனக்குத் தெரியாம இல்ல. நடுராத்திரி பன்னெண்டரைலேர்ந்து காலைல ஏழரை வரைக்கும் கரண்டு சல்லிசு, அப்புறம் கொள்ள வெல. இந்த வீடே அந்தக் கணக்குலதான் ஓடுச்சு. துணி தொவைக்கிறது ராத்திரிதான். ஞாயித்துக்கிழம மாட்டுக்கறி ரோஸ்ட்டு விடியறதுக்குள்ள வெந்துடும், மத்தியானம் ஆறிப்போனத தின்னுக்குவோம். சிரிக்காதீங்க. காசுல கறாரான யார்க்‌ஷயர்காரன் வேற எப்பிடி இருப்பான்?

என் பொண்டாட்டி முரியல் எந்திரிக்கிறது ஏழே முக்காலுக்கு. கண்ணு முழிச்சதும் சுடச்சுட டீ வேணும் அவளுக்கு. நான் ஏழரைக்கே கெட்டில் வயர உருவி சட்டப் பையில போட்டுக்குவேன். ஃபிளாஸ்க்ல ஊத்தி வெச்சிருக்கேன், குடிம்பேன். பாத்திரம் கழுவுன தண்ணி மாதிரி இருக்கும்பா. அப்பிடித்தான் இருக்கும்.

இந்த மார்ச்சுல, வெயில் காலத்துக்காக நாடு பூரா கடிகாரத்த ஒரு மணி முன்னால தள்ளி வெக்கிற அன்னிக்கு, அவ தங்கச்சி எட்னா ஹல் ஊர்லேர்ந்து வந்திருந்தா. நான் ஹால் கடிகாரம், அடுப்பு, வாஷிங் மெஷினுன்னு ஒண்ணொண்ணா மாத்திட்டு வரேன். முரியல் கேட்டா, ஏன் கிளிஃப், மீட்டருக்கு யாரு மணி மாத்துவாங்கன்னு. நான் சிரிச்சேன். சும்மா சிரிக்கல தம்பி. எட்னாவக் கூப்பிட்டு, உங்கக்கா கேக்குற கேள்வியப் பாரு, இவளுக்கு எதுக்கு கரண்டு வீடு, மெழுகுவத்தி போதும்னு சொல்லி, கண்ணுல தண்ணி வர சிரிச்சேன்.

அன்னிக்கு சாயங்காலமே முரியல் எட்னாவோட ரயிலேறிட்டா.

என்ன தம்பி, பாத்தாச்சா? சரியா இருக்கா? எல்லாமேவா? நல்லா பாருங்க, டார்ச்சு வேணா எடுத்துட்டு வரேன். எங்கயாவது ஒரு சின்னத் தப்பு கூடவா இல்ல? காலைல இந்த வீடு அவ்ளோ அமைதியா இருக்கு, என்னால தாங்க முடியல.

மணியா? என் வாட்ச்சுல பதினொண்ணு. ஏன், மீட்டருல? பத்தா?

அது மாறவே மாறாதா? வருஷம் பூரா குளிர்கால நேரந்தானா? அப்ப வெயில் காலத்துல சல்லிசு நேரம் ஒன்றரைக்கு ஆரம்பிச்சு... எட்டரை வரைக்கும்?

எட்டரை. ஏழே முக்காலுக்கு அவ தாராளமா டீ போட்டுருக்கலாம்.

அட நஷ்டம் கெடக்கட்டும் தம்பி, அத யாரு கேட்டா. கையத் தொடச்சிக்கிட்டு இந்த போனப் பிடிங்க. எட்னா வீடுதான், மணி அடிக்குது. நான் பேசினா முரியல் போன வெச்சிடுவா. கிளிஃபுக்குத் தெரியல, முரியல் கேட்டதுதான் சரின்னு நீங்களே சொல்லுங்க, கொஞ்சம் சத்தமா. நீ சொன்னது தப்புன்னு என்னிக்கு வேற ஒருத்தர் வாயால கேக்குறேனோ, அன்னிக்குத்தான் கெட்டில் திரும்ப வரும்னு சொல்லிட்டுப் போயிருக்கா.