ஆரஞ்சுத் தட்டின் முதல் அச்சு

இசைத்தட்டை ஓரத்தில்தான் பிடிக்க வேண்டும் என்பது பலருக்குத் தெரிவதில்லை. என் தங்கை உங்களிடம் கொடுத்திருக்கும் அந்த ஆரஞ்சு நிறத் தட்டை நீங்கள் உள்ளே எடுத்து வந்தபோது, சாப்பாட்டுத் தட்டைப் போல் கட்டைவிரலை நடுவில் வைத்துப் பிடித்திருந்தீர்கள், இன்ஸ்பெக்டர் ஐயா. கோபமில்லை. சொல்லிக்கொடுக்க ஆளில்லாவிட்டால் நீங்கள்தான் என்ன செய்வீர்கள்?

எனக்கு மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை. சேகரிப்பது பழைய ராக் ஆல்பங்களை, அதிலும் பாட்டே இல்லாதவற்றை. கிடார், டிரம்ஸ், எப்போதாவது ஓர் ஆர்கன். யாரும் வாயைத் திறப்பதில்லை. மனிதர்கள் மீது எனக்கு மரியாதை வருவது அந்த ஆல்பங்களில்தான். கறுப்புத் தட்டுகளைத் தொடமாட்டேன். கல்லீரல் சிவப்பு, பாட்டில் பச்சை, புகை கலந்த நீலம், இப்படி வந்த அபூர்வ அச்சுகள் மட்டும். ஓர் அறை முழுக்க இருக்கின்றன. அவற்றைக் கேட்பதுண்டா என்றீர்கள். இல்லை. ஊசி பட்டால் தேயும். கேட்பதற்குத்தான் ரேடியோ இருக்கிறதே.

எங்கள் வட்டத்தில் நான்கு பேர். ஒரு பல் டாக்டர், ஒரு லிஃப்ட் மெக்கானிக், தங்கையின் கணவரான மாப்பிள்ளை, நான். எல்லோருக்கும் இந்த ஆரஞ்சுத் தட்டின் மேல்தான் கண். முதல் அச்சில் கொஞ்சம்தான் வந்தன. பிறகு கம்பெனி அதே நிறத்தில் மறுபடி அச்சடித்துவிட்டது. இரண்டும் இரட்டைப் பிள்ளைகள். லேபிளை ஒட்டிய வெற்று வளையத்தில் கீறியிருக்கும் பொடி எழுத்தை வைத்துத்தான் பிரித்தறிய முடியும். என்னிடம் இருப்பது முதல் அச்சு என்று வருஷக்கணக்காகச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒருநாள் மாப்பிள்ளை டார்ச் அடித்துப் பார்த்தார்.

"மச்சான், இது 'பி'ங்க. ரெண்டாவது அச்சு. ஊருக்கெல்லாம் கண்ணாடி மாட்டி விடறீங்க, நீங்க ஒண்ணு மாட்டிக்கக் கூடாதா?"

பல் டாக்டர் தன் பல் அத்தனையும் தெரியச் சிரித்தார்.

முதல் அச்சு மாப்பிள்ளையிடம் இருந்தது. ஏதோ பழைய சாமான் கடையில், உடைந்த மின்விசிறிக்கு அடியில் கிடைத்ததாம். அதிர்ஷ்டம் ஆள் பார்த்து வருவதில்லை. அதைக்கூட மன்னித்திருப்பேன். ஆனால் அவர் அதைப் போட்டுக் கேட்டார். ஒவ்வொரு விடுமுறை நாள் காலையிலும், ஒரு மலிவு பிளேயரில், ஷேவ் செய்த ஈரக்கையோடு. எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று வாய்விட்டே கேட்டேன். "தங்கச்சியைக் குடுத்துட்டுத் தட்டைக் கேக்கறீங்களே மச்சான், பண்டமாற்றா?" என்றார். அன்றிலிருந்து அவரை வெறுத்தேன். அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

இரண்டையும் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் படம் எடுக்கலாம் என்று நான்தான் அவரை அழைத்தேன். என் வீடு மேல் மாடியில். அன்று லிஃப்ட் ஓடவில்லை. அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. அவருக்கு இதயத்தில் அடைப்பு இருந்தது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எப்போதும் அவர் தோள்பையில் இருக்கும். அந்தப் பையை நடையிலேயே வைக்கச் சொன்னேன். தூசி வரும் என்பதால் என் அறைக்குள் யாருடைய பையும் வரக்கூடாது. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள்.

அவருடைய தட்டை நான் ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்துக்கொண்டிருந்தபோது, அவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்தார்.

"மச்சான்... பையில... மாத்திரை."

தெளிவாகக் கேட்டது. ஆனால் என் இரண்டு கையிலும் தட்டு. வெறும் தட்டை எங்கேயும் கீழே வைக்க முடியாது, ஐயா. முதலில் பிரஷ்ஷால் தூசி தட்ட வேண்டும், பிறகு உள்ளுறை, பிறகு அட்டை, அதன் மேல் பிளாஸ்டிக். அவசரப்பட்டால் மூலை மடங்கும். கைக்கு எட்டிய இடத்தில் இருந்தது என்னுடைய அட்டை, அதில் போட்டேன். அப்போது அவருடைய அட்டை காலியாகிவிட்டது. அப்படி விடுவது முறையல்ல. படத்துக்காக ஸ்டாண்டில் நிறுத்தியிருந்த என் தட்டை எடுத்து அதில் போட்டேன்.

அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். "மச்சான், அது என்னுது" என்றார். அதற்குப் பிறகு மாத்திரையைப் பற்றிப் பேச்சே இல்லை. கடைசியில் அவரும் ஒரு சேகரிப்பாளர்தான் என்று நினைத்துக்கொண்டேன். நான் கையைக் கழுவித் துடைத்துவிட்டு நடைக்குப் போனபோது அவசரம் எதுவும் மிச்சமிருக்கவில்லை.

காரியங்கள் எல்லாம் நான்தான் முன்னால் நின்று செய்தேன். தங்கமான அண்ணன் என்று உறவுக்காரர்கள் சொன்னார்கள். அவருடைய அட்டையை, உள்ளே என் தட்டோடு, தங்கையின் கையில் கொடுத்தேன். எந்த எழுத்து, எந்த அச்சு என்பதெல்லாம் அவளுக்குத் தெரியாது. அந்தத் தைரியம்தான்.

கொஞ்ச நாள் கழித்து வந்தாள்.

"அண்ணா, அந்தத் தட்டுல நடுவுல ஒரு இடத்துல ஊசி மாட்டிக்கும். சுத்திச் சுத்தி அதையே வாசிக்கும். அவர் எந்திரிச்சுப் போய்த் தட்டி விடுவாரு. அதுக்காகத்தான் இன்னிக்குப் போட்டேன். மாட்டவே இல்ல. அது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கு."

இரண்டு தட்டையும் நான் லென்ஸ் வைத்துப் பார்த்தவன். கீறல் இல்லை. அச்சிலேயே வந்த பழுது அது, கண்ணுக்குத் தெரியாது. கண்டுபிடிக்க வேண்டுமானால் போட்டுக் கேட்டிருக்க வேண்டும். அது எனக்குத் தோன்றவே இல்லை.

அவள் என் அலமாரியிலிருந்து ஆரஞ்சுத் தட்டை உருவிக்கொண்டு போனாள். மறுநாள் திரும்பி வந்து வாசற்படியிலேயே நின்றாள். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை.

"இது அதே இடத்துல மாட்டிக்குது. அன்னிக்கு அவர் மாத்திரை கேட்டாரா அண்ணா?"

நான் தூக்கி வளர்த்த பிள்ளை, ஐயா. அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்ன சொல்வது?

"கேட்டார்மா" என்றேன். கூடப் பிறந்தவளை ஏமாற்ற எனக்கு மனம் வரவில்லை.