கிழியாத ஆந்தை

வீடியோ கேம் கண்காட்சிக்குப் போனால் வாசலில் கையில் ஒரு காகிதப் பட்டை கட்டிவிடுவார்கள். வீட்டுக்கு வந்ததும் எல்லோரும் அதைப் பல்லால் கடித்துப் பிய்த்துப்போடுவார்கள், ஐயா. நான் பிய்க்கமாட்டேன். கட்டும்போதே கையைக் கொஞ்சம் விறைப்பாக நீட்டினால் பட்டை தளர்வாக விழும். அப்புறம் விரல்களைக் குவித்து மெதுவாக நழுவவிட்டால் முழுசாக வந்துவிடும். பொறுமை இருந்தால் போதும்.

எனக்குக் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலை. மிச்ச நேரமெல்லாம் இதுதான். கண்காட்சியில் இலவசமாகக் கொடுக்கும் துணிப்பை, கழுத்தில் தொங்கவிடும் அடையாள அட்டை, அன்று ஒரு நாள் மட்டும் விநியோகித்த டெமோ டிஸ்க், ஸ்டாலைப் பிரிக்கும்போது குப்பைக்குப் போகிற ஆளுயர அட்டை வீரன் என்று ஒன்றையும் விட்டதில்லை. எங்கள் வாடகை வீட்டில் இருந்த ஒரே பீரோ அவற்றுக்குப் போய்விட்டது. என் மனைவியின் துணிமணி கட்டிலுக்கு அடியில் ஒரு பெட்டியில் கிடந்தது.

"அடுத்த ஜென்மத்துல நான் ஒரு துணிப்பையா பொறக்கணும். அப்பவாவது இந்த வீட்டுல எனக்கு பீரோவுல எடம் கெடைக்கும்" என்பாள். சிரித்துக்கொண்டேதான் சொல்வாள். இப்போது நினைத்தால் காது சுடுகிறது.

இருந்ததிலேயே பெரியது ஆந்தை. ஒரு சின்னக் கம்பெனி, ஒரே ஒரு வர்த்தகக் கண்காட்சியில் ஸ்டால் போட்டு, அத்தோடு மூடுவிழா நடத்திவிட்டது. அவர்கள் செய்த கேம் வெளிவரவே இல்லை. ஸ்டால் வாசலில் ஆள் உள்ளே நுழைந்து ஆடுவதற்காகத் தைத்த வேஷம்தான் இந்த ஆந்தை. அப்படி ஒரு கேம் இருந்ததற்கு வேறு தடயமே கிடையாது. உடம்பு முழுக்க ஒவ்வொன்றாக வெட்டித் தைத்த நீல இறகுகள். தலையும் உடம்பும் ஒரே தையல், தனியாகக் கழற்ற முடியாது. முதுகில் பிடரியிலிருந்து இடுப்பு வரை ஒரு ஜிப். தலைக்குள் காற்றுக்காக ஒரு குட்டி மின்விசிறி வைத்திருந்தார்கள், அது எப்போதோ செத்துப்போயிருந்தது. புதுசு மாட்டியிருக்கலாம். மாட்டினால் பழைய நுரையில் ஓட்டை போட வேண்டியிருக்கும் என்று விட்டுவிட்டேன்.

இந்த வருஷக் கண்காட்சியில் பழம்பொருளுக்கென்று ஒரு மூலை ஒதுக்கி, ஆந்தை நடந்து வந்தால் நன்றாக இருக்கும் என்று கேட்டார்கள். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஆனால் அந்த வேஷம் ஒல்லியான ஆளுக்குத் தைத்தது. என் தொப்பை உள்ளே போகாது.

என் மச்சானைக் கேட்டேன். தாய் தகப்பன் போனபிறகு என் மனைவி தூக்கி வளர்த்த தம்பி. வீட்டில் ஒட்டடைக்குச்சி என்றுதான் கூப்பிடுவோம். என் சாமான்களை அவள் திட்டும்போதெல்லாம் எனக்காகப் பேசுகிற ஒரே ஜீவன்.

"என்ன மாமா, இதுக்குப் போய் இவ்ளோ தயங்குறீங்க? நான் என்ன பொண்ணு பாக்கவா போறேன்? மொகத்த மறைச்சாலும் ஒண்ணும் கொறைஞ்சிடாது" என்றான்.

மண்டபத்தில் நல்ல கூட்டம், நல்ல புழுக்கம். முடியாமல் போனால் இரண்டு இறக்கையையும் தூக்கு, உடனே கூட்டிப்போய்விடுகிறேன் என்று சொல்லியிருந்தேன். அவன் தூக்கினான். நான் பார்த்தேன், ஐயா. அப்போது ஒரு பத்திரிகைப் படக்காரர் மண்டியிட்டு எடுத்துக்கொண்டிருந்தார். இறக்கை விரிந்த நிலையில் தையல் வேலை அவ்வளவு அழகாகத் தெரிந்தது. அவர் எடுத்து முடிக்கட்டும் என்று நின்றேன்.

பிறகு திரைக்குப் பின்னால் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். ஜிப் நாலு விரல் இறங்கியதும் நின்றுவிட்டது. ஒரு இறகு பல்லுக்குள் மாட்டியிருந்தது. பக்கத்து ஸ்டாலுக்கு அட்டை வெட்டிக்கொண்டிருந்த தச்சர் எட்டிப் பார்த்தார். கையில் கட்டர் இருந்தது.

"அண்ணே, கிழிச்சிரவா?"

"வேணாம், வந்துரும். நீங்க தண்ணி மட்டும் கொண்டாங்க."

தண்ணீர்க் குழாய் மண்டபத்தின் அந்தக் கோடியில் இருந்தது. அது எனக்குத் தெரியும். அவர் ஓடினார். நான் பென்சிலை எடுத்து ஜிப்பின் பல்லில் கரியைத் தேய்த்தேன். அப்படித் தேய்த்தால் வழுக்கிக்கொண்டு வரும்.

உள்ளேயிருந்து மச்சான் சொன்னான்: "பரவால்ல மாமா. மெதுவாவே எடுங்க. கிழிச்சிடாதீங்க."

அவனே சொன்னான், ஐயா. இதை நான் தப்பித்துக்கொள்வதற்காகச் சொல்லவில்லை. அதற்கப்புறம் அவன் எதுவும் பேசவில்லை. பொறுமையாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டேன். தலை என் தோளில் சாய்ந்தது. ஜிப் நேராக வருவதற்காக அதைப் பிடித்து நிமிர்த்தி வைத்தேன்.

கடைசியில் இறகு வெளியே வந்தது. ஒரு நூல்கூடப் பிரியவில்லை. "மச்சான், வந்துருச்சு" என்றேன். சந்தோஷமாகத்தான் சொன்னேன். அதை நினைத்தால்தான் எனக்கு உடம்பெல்லாம் கூசுகிறது. ஜிப்பைக் கீழே வரை இறக்கிவிட்டு, இறகுகளை ஒதுக்கிய பிறகுதான் அவன் முகத்தைப் பார்த்தேன்.

சூடு தாங்காமல் போய்விட்டது, இன்னும் கொஞ்சம் முன்னால் வெளியே எடுத்திருந்தால் பிழைத்திருப்பான் என்று டாக்டர் சொன்னார். ஜிப் சிக்கிக்கொண்டது என்று நான் சொன்னேன். அது பொய்யில்லையே. என் மனைவி பென்சில் கரி படிந்த என் விரல்களைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எவ்ளோ பாடுபட்டிருப்பீங்க" என்று அழுதாள். கையை இழுத்துக்கொள்ளக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அழட்டும் என்று கொடுத்துவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

போன வாரம் தச்சர் வீட்டுக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கட்டரைக் கையால் தொட முடியவில்லை, வேலைக்கே போவதில்லை என்றார். "நான் உங்கள கேட்டுட்டு நின்னுருக்கக் கூடாதுண்ணே. கிழிச்சிருக்கணும். கையில வெச்சிக்கிட்டே தண்ணிக்கு ஓடிட்டேன்" என்று என் காலைப் பிடித்தார். நான் அவருக்கு ஆறுதல் சொன்னேன். அவர் மேல் தப்பில்லை என்று முதுகைத் தட்டிக்கொடுத்தேன். யார் மேல் தப்பு என்று மட்டும் சொல்லவில்லை. அவர் எனக்கு நன்றி சொல்லிவிட்டுப் போனார். அதற்கப்புறம் சோறு இறங்கவில்லை, அதனால்தான் நானாகவே உங்களிடம் வந்தேன்.

அவரை ஒன்றும் கேட்காதீர்கள். அவர் கேட்டார், நான் தடுத்தேன். என் மச்சானை வெளியே எடுத்திருக்க முடியும், அது எனக்கு அப்போதே தெரியும். ஆந்தை கிழியக் கூடாது என்பதற்காக எடுக்கவில்லை. இதை என் மனைவியிடம் நீங்களே சொல்லிவிடுங்கள், அவள் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு யோக்கியதை இல்லை. என்ன தண்டனை கொடுத்தாலும் சம்மதம். அந்த ஆசையெல்லாம் என்னை விட்டுப் போய்விட்டது, ஐயா. இனி அந்தச் சாமான்களைத் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் ஒரே ஒரு விஷயம். ஸ்டேஷனுக்குள் வரும்போது பார்த்தேன். ஆந்தையைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு வாயை இறுகக் கட்டி வைத்திருக்கிறார்கள். யாரையாவது விட்டுக் கொஞ்சம் அவிழ்த்துவிடச் சொல்லுங்கள். உள்ளே காற்றே போகாது, பாவம்.