கதவத் தொறங்கண்ணே

இப்போதெல்லாம் கார்ட்டூன்கள் முன்புபோல் இல்லை ஐயா. சிரிப்புத் தொடர்களைப் பற்றிப் பேசவே வேண்டாம். நாம் சிரிப்பதற்கு முன்னால் டிவியே சிரித்து முடித்துவிடுகிறது. உருப்படியாக மிஞ்சியிருப்பது 'முயல் வீட்டு மாடி' ஒன்றுதான். மாடி அறைகளை மற்ற விலங்குகளுக்கு வாடகைக்கு விடும் ஒரு முயலின் கதை. முதல் நாளிலிருந்து பார்க்கிறேன். அதன் பொம்மைகள் அத்தனையும் என்னிடம் இருக்கின்றன. ஒன்றைக்கூடப் பெட்டியிலிருந்து பிரித்ததில்லை. பிரித்தால் போச்சு.

தம்பியை அதைப் பார்க்க வைத்தவனே நான்தான். எந்த இடத்தில் சிரிக்க வேண்டும் என்பதுகூட நான் சொல்லித்தான் அவனுக்குத் தெரியும்.

புதிதாக வரும் முள்ளம்பன்றிக்கு ரசிகர்களில் ஒருவரே குரல் கொடுக்கலாம் என்று அறிவித்தார்கள். போனேன். துணைக்கு அவனையும் கூட்டிப்போனேன். என் குரல் வறண்டிருக்கிறது என்றார்கள். வெளியே பெஞ்சில் கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தவனைப் பார்த்து, "நீங்களும் சும்மா ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன்" என்றார்கள். சும்மா சொன்னான். எடுத்துக்கொண்டார்கள்.

அந்த முள்ளம்பன்றி எப்போதும் சாவியை மறந்துவிடும். வாசலில் நின்று, "கதவத் தொறங்கண்ணே, கதவத் தொறங்க" என்று கத்தும். அவ்வளவுதான் வசனம். ஊரே அதைச் சொல்லித் திரிந்தது. பிறகு பொம்மையும் வந்தது. வயிற்றை அழுத்தினால் தம்பி குரலில் அதையே சொல்லும். நான் வேலை பார்ப்பது பொம்மைக் கடையில். கடை திறந்ததிலிருந்து சாத்தும்வரை வருகிற பிள்ளையெல்லாம் அதன் வயிற்றைத்தான் அழுத்தும். வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அதே குரல். "இந்த வயசுல பொம்மைப் படம் என்னடா" என்று என்னைத் திட்டிய அம்மா, அந்தப் பொம்மையைப் பிரித்து டிவி பக்கத்தில் வைத்துக்கொண்டு அமுக்கி அமுக்கிப் பூரித்துப்போவாள்.

பொறாமையா என்று கேட்டீர்கள். ஆமாம், வயிறு எரிந்தது. ஆனால் அதற்காகச் செய்யவில்லை. அவன் அந்த வசனத்தைச் சரியாகச் சொல்லவில்லை, அதுதான் என் வருத்தம். வெளியே மாட்டிக்கொண்டவன் குரலில் ஒரு தவிப்பு வேண்டாமா. எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். "விடுண்ணே, கார்ட்டூன்தானே" என்று சிரித்தான்.

கார்ட்டூன்தானே என்றான் ஐயா.

அட்டைப் பெட்டிகளைப் பூச்சி அரிக்கும். அதனால் பொம்மை அறைக்கு அவ்வப்போது மருந்து அடிப்பேன். வாடை இல்லாத மருந்து. வெளிச்சம் பட்டால் சாயம் வெளுக்கும் என்று ஜன்னலையும் அடைத்து ஒட்டியிருந்தேன். மருந்து அடித்த அன்றைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது. தம்பி போகவே கூடாது. அவனுக்குச் சின்ன வயதிலிருந்தே இழுப்பு. அம்மா அக்கா வீட்டுக்குப் போயிருந்த அன்று, வழக்கத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக அடித்தேன். "மேல் தட்டுல அந்த முதல் முயல் பொம்மை இருக்கு பாரு, அதை நீயே வச்சுக்க" என்றேன். நான் எதையும் தொடவிட்டவனில்லை. அவன் முகம் மலர்ந்துவிட்டது. "நிஜமாவாண்ணே?" என்று கேட்டுக்கொண்டே உள்ளே போனான். அவனுடைய போனும் இன்ஹேலரும் சோபாவில் கிடந்தன. கதவைச் சாத்தி, வெளித் தாழ்ப்பாளைப் போட்டேன்.

கொஞ்ச நேரத்தில் பக்கத்து வீட்டு அக்கா வாசலுக்கு வந்தார்.

"என்னப்பா, உங்க பொம்மை ஓயாமக் கத்திக்கிட்டே இருக்கு?"

"எங்கேயோ அமுங்கிக் கிடக்குதுக்கா. பேட்டரி தீர்ந்தா தானா நின்னுடும்."

"எங்க வீட்டுலயும் இதே தொல்லைதான்" என்று சிரித்துக்கொண்டே போனார்.

நான் திரும்பிவந்து கதவில் காதை வைத்துக் கேட்டேன். குறை சொல்ல ஒன்றுமில்லை. நான் கேட்ட தவிப்பு அப்படியே இருந்தது. ஸ்டூடியோவில் இப்படிச் சொல்லியிருந்தால் விஷயம் இவ்வளவு தூரம் வந்திருக்காது. கடைசித் தடவை அவன் சொன்னதும் கைதட்டினேன். அண்ணன் பாராட்டியது அவனுக்கு உள்ளே கேட்டிருக்கும்.