இருநூத்துப் பன்னெண்டு நட்சத்திரம்

ஐயையோ, அந்த நாற்காலில உக்காராதீங்க சார், கல்லீரல் இருக்கு. இருங்க, எடுத்துடுறேன். அட்டை சார், சொல்லு எழுதி வெச்ச வெறும் அட்டை! ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு கட்டு. நுரையீரல ஃபிரிட்ஜ் மேல வெச்சிருக்கா. ம், இப்ப உக்காருங்க.

மருமக குளிக்கிறா, வந்துடுவா. ஆய்வேட்டத் திருத்துற பரிசோதகரே வீடு தேடி வருவார்னு அவ கனவா கண்டா?

ஏழு வருஷம் சார். அரபு, எபிரேயம், இன்னும் செத்துப்போன பாஷைங்க வேற. இதுக்கெல்லாம் கொள்ளுப்பாட்டியா ஒரு பாஷை இருந்துச்சாம், அதுல மூக்குக்கு என்ன, நாக்குக்கு என்னன்னு ஊகிச்சுக் கண்டுபிடிக்கணுமாம். பாருங்க, உங்களுக்கே சொல்றேன்! முழங்கால்தான் அவள ரொம்பப் படுத்துச்சு. எபிரேயத்துல பெரெக், அரபுல ருக்பா. எழுத்து எடம் மாறிக்கிச்சாம். ஒரு மாசம் என் முட்டியையே மொறச்சுப் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தா. அடடா, மாமியார் மூட்டுவலிக்கு இப்படி உருகுறாளேன்னு தைலத்த எடுத்து நீட்டினேன். வாங்கி ஓரமா வெச்சுட்டு மறுபடி முட்டியப் பாக்குறா!

என்ன சார்? மோசடியா? அவ அப்படிப்பட்டவ இல்லீங்க.

ஓ. ஊகிச்ச சொல்லுக்கு முன்னால நட்சத்திரக் குறி போடணுமா? போடலேன்னா பழைய கல்வெட்டுல நேராவே பாத்தேன்னு பொய் சொன்ன மாதிரியா? இருநூத்துப் பன்னெண்டு சொல்லுக்கும் இல்லையா? அப்ப பட்டம்?

கெடையாதா.

தண்ணி குடிங்க. நானும் ஒரு வாய் குடிச்சுக்கிறேன்.

எங்க நாத்தனார் கல்யாணத்துல பாருங்க, பத்திரிகைல மாப்பிள்ள பேருக்கு முன்னால ஒரு மைத்துளி. எங்க மாப்பிள்ளைக்குக் கரும்புள்ளியான்னு அவங்க வீட்ல மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டாங்க. அன்னிலேருந்து அச்சடிச்ச தாள்ல கறை பாத்தா எனக்குக் கை சும்மா இருக்காது. இல்ல சார், சம்பந்தம் இருக்கு, கேளுங்களேன்.

அஞ்சு பிரதியும் அச்சாகி மேஜைல இருந்துச்சு. சாயந்திரம் பைண்டிங்காரர் வந்து தூக்கிட்டுப் போயிடுவார். மருமக மூணு நாள் கண்ணு முழிச்சவ, காலைல அடிச்சுப்போட்ட மாதிரி படுத்துட்டா. நான் சும்மா பொரட்டினேன். சொல்லுக்குச் சொல்லு முன்னால, பூச்சி நசுங்கிக் கெடக்குற மாதிரி ஒரு இது. பாவம் பொண்ணு, பிரிண்டர் இப்படிப் பழி வாங்கிடுச்சேன்னு...

தண்ணி சத்தம் நின்னுடுச்சு. சீக்கிரம் சார், உங்க கைல இருக்குற பிரதில ஏதாவது ஒரு பக்கத்தத் தெறங்க. சொல்லுக்கு முன்னால நகத்தால லேசா சொரண்டுங்க. மெதுவா, கிழிஞ்சுடப் போவுது. ம், தெரியுதா? நட்சத்திரம் கீழயே இருக்குல்ல?

வொயிட்னர் சார். ஆறு பாட்டில், அஞ்சு பிரதி, மெல்லிசு பிரஷ்ஷு, ஒண்ணு விடாம நாந்தான். இவ்ளோ படிச்ச உங்களுக்கே தெரியல பாத்தீங்களா, அவ்ளோ சுத்தம்!